சனிக்கிழமை காலை, இஸ்திரிப் பெட்டி, இலையுதிர் காலம்

லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறை) முடிந்த அடுத்த ஞாயிறுதான் எங்கள் கோயிலுக்கு வருடப் பிறப்பு மாதிரி. முறைப்படி திருச்சபை வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளான அட்வெந்தில்தான் தொடங்குகிறது, அது எனக்கும் தெரியும். ஆனால் அமெரிக்காவின் இந்தக் கனெக்டிகட்டில் கோடை முழுக்கப் பாதிச் சபை கடற்கரையில் இருக்கும், பாடகர் குழுவுக்கு விடுமுறை, ஒன்பது மணிக்கு ஒரே ஒரு ஆராதனை. இந்த 2025-ல் செப்டம்பர் 7-ம் தேதி எல்லாம் திரும்பி வந்தது. எட்டு மணிக்குப் பாட்டில்லாத, பழைய ஆங்கில நடையிலுள்ள ஆராதனை, பத்தரைக்குப் பாடகர் குழுவோடு பெரிய ஆராதனை, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் சத்தம், அப்புறம் கீழே ஹாலில் காபி.

அந்தக் காபி நேரத்தில்தான் பீடத்தை ஆயத்தப்படுத்தும் எங்கள் குழுவான ஆல்டர் கில்டை நடத்தும் அம்மா என்னிடம் வந்தார். எண்பத்திரண்டு வயது. "சனிக்கிழமை காலையில் உனக்கு வேலை ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். நான் இல்லை என்றேன். மார்ச்சில் என் அம்மா தவறிப்போனதிலிருந்து எனக்கு எந்தக் காலையிலும் பெரிதாக வேலை இருக்கவில்லை. ஞாயிறுதோறும் கோயிலுக்கு வருவேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன், ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன், வாய் மட்டும் திறக்காது. அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கேட்கவில்லை.

நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஊரில் வெஸ்ட்ரி என்றால் ஐயர், அதாவது போதகர், அங்கி மாட்டும் அறை. இங்கே எபிஸ்கோப்பல் சபையில் (அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபை) வெஸ்ட்ரி என்பது சபையார் தேர்ந்தெடுத்த கமிட்டி, பணம், கட்டடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அங்கியும் பாத்திரங்களும் இருக்கும் அறைக்கு சேக்ரிஸ்டி என்று பெயர். முதல் வருடம் "வெஸ்ட்ரியில் இருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னபோது எந்த அறையில் என்று தேடியிருக்கிறேன். ஊரில் கோயில் பிள்ளை (கோயில் பணியாளர்) தனியாகச் செய்கிற வேலைகளில் பாதியை இங்கே ஆல்டர் கில்ட் செய்கிறது. சம்பளமில்லை, முறை வைத்து இரண்டு இரண்டு பேராகச் செய்வோம்.

முதல் சனிக்கிழமை முழுக்கத் துணிதான். பீடத்தின் மேல் விரிக்கும் நீண்ட வெள்ளை லினன் துணியில் ஐந்து சிறிய சிலுவைகள் தைத்திருக்கும், இயேசுவின் ஐந்து காயங்களுக்காக. அதை மடிக்கவே கூடாது, மடிப்புத் தடம் விழும், அதனால் உருளையில் சுற்றி வைப்போம். அதன்மேல் அப்பத்தையும் கிண்ணத்தையும் வைக்க ஒரு சதுரத் துணி. இதை மூன்றுக்கு மூன்றாக, ஒன்பது கட்டமாக, உள்பக்கம் நோக்கி மடிக்க வேண்டும், அப்பத் துகள் ஏதாவது இருந்தால் அதற்குள்ளேயே தங்கிவிடும், தரையில் சிந்தாது. இஸ்திரி போடும்போது துணி லேசாக ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்துபோன லினன் சொன்ன பேச்சுக் கேட்காது. கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்கும் சிறு துணிகள் தனி. எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குடிப்பதால் இவற்றில் திராட்சரசக் கறையோடு உதட்டுச்சாயமும் இருக்கும். அதைப் போக்குவதுதான் இந்த வேலையிலேயே கடினமானது.

அந்தச் சிறு துணிகளை அலசும் முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடமாட்டோம். சேக்ரிஸ்டியில் இதற்கென்றே பிசினா என்று ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. அதன் குழாய் சாக்கடையோடு சேராமல் நேராக மண்ணுக்குள் இறங்குகிறது, வெளியே மேப்பிள் மரம் நிற்கும் இடத்தில். முப்பது வருடம் திருவிருந்து எடுத்தவள் நான், எடுத்த பிறகு அந்தத் துணி எங்கே போகிறது என்று ஒருநாள்கூட யோசித்ததில்லை. தொட்டியில் கை நனைத்து நின்றபோது, பல மாதத்துக்குப் பிறகு, ஜெபம் மாதிரி ஏதோ ஒன்று எனக்குள் நடந்தது. வார்த்தை எதுவும் இல்லை. துணியை அலசினேன், பிழிந்தேன், அவ்வளவுதான்.

இலையுதிர் காலத்தில் பீடத்தின் நிறம் பெரும்பாலும் பச்சை. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தேக்குப் பின்வரும் ஞாயிறுகள் (ஊரில் வயதானவர்கள் இன்னும் திரித்துவத் திருநாளிலிருந்து எண்ணுவார்கள், இங்கே பெந்தெகொஸ்தேயிலிருந்து) ஜூனில் தொடங்கி நவம்பர் கடைசிவரை நீளும். வெளியே மரமெல்லாம் மஞ்சளாகிச் சிவப்பாகி உதிர்ந்துகொண்டிருக்க, உள்ளே மட்டும் பச்சை தொங்கும். இந்த முரண் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அக்டோபர் 4 புனித பிரான்சிஸ் நாள், இந்த முறை சனிக்கிழமையில் வந்தது. கோயில் புல்வெளியில் பிராணிகளுக்கு ஆசீர்வாதம். நாய்கள், கூடைக்குள் பூனைகள், ஒரு பையன் டப்பாவில் கொண்டுவந்த ஆமை. எங்கள் வேலை ஒரு கிண்ணம் தண்ணீரும் தெளிக்க ஒரு கொத்து இலையும் எடுத்து வைப்பது. எங்கள் ரெக்டர், அதாவது சபைக் குரு, ஒவ்வொரு பிராணியின் பெயரையும் கேட்டு, அந்தப் பெயர் சொல்லி ஆசீர்வதித்தார். ஒரு பெரியவர் பிராணி எதுவும் இல்லாமல் கையில் ஒரு நாய்க் கழுத்துப்பட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றிருந்தார். ரெக்டர் அதன்மேலும் கைவைத்தார். இதெல்லாம் ஆராதனையா என்று கேட்கும் உறவுக்காரர்கள் எனக்கு உண்டு. ஆராதனைதான் என்று இப்போது தயங்காமல் சொல்வேன்.

அக்டோபர் என்றால் காணிக்கை வாக்குறுதி அட்டைகளும் வரும். அடுத்த வருடம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று ஒவ்வொரு குடும்பமும் எழுதித் தர வேண்டும், அதை வைத்துத்தான் வெஸ்ட்ரி பட்ஜெட் போடும். அரசாங்கம் இங்கே சபைகளை நடத்துவதில்லை. ரெக்டரின் சம்பளம், கூரை, குளிர்காலத்தில் ஹீட்டிங், மறைமாவட்டத்துக்கான பங்கு எல்லாம் பெரும்பாலும் இந்த அட்டைகளிலிருந்துதான். முன்பெல்லாம் எனக்கு இது கூச்சமாக இருக்கும். இப்போது இதுதான் நேர்மையான வழி என்று படுகிறது. பண விஷயத்தை மறைத்துப் பேசுகிற சபையைவிட வெளிப்படையாகப் பேசுகிற சபையை எனக்குப் பிடிக்கும்.

கூடவே நீலப் பெட்டிகளும் வரும். 1889-ல் பெண்கள் தொடங்கிய நன்றிக் காணிக்கை அது. வீட்டில் ஒரு சின்ன நீல அட்டைப்பெட்டி இருக்கும், ஏதாவது நல்லது நடந்தால் நன்றி சொல்லி ஒரு காசு போட வேண்டும், இலையுதிர் காலத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவருவோம். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு அம்மாவின் கைப்பிடி அரிசிதான் ஞாபகம் வந்தது. உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார், மாதக் கடைசியில் பெண்கள் சங்கத்துக்குப் போகும். இந்த வருடம் என் பெட்டி ஏப்ரல் முதல் காலியாகவே கிடந்தது. செப்டம்பரில்தான் மறுபடி போட ஆரம்பித்தேன். சனிக்கிழமைக்கு ஒரு காசு.

அக்டோபர் முழுக்க வாசல் பக்கம் மேசையில் ஒரு தாள் இருந்தது. சகல பரிசுத்தவான்கள் ஞாயிறன்று வாசிக்க, இறந்துபோன நம் சொந்தங்களின் பெயர்களை எழுத வேண்டும். மூன்று ஞாயிறு அந்த மேசையைத் தாண்டிப் போனேன். நாலாவது ஞாயிறு எழுதினேன், எங்கள் கில்ட் அம்மா தன் கணவர் பெயரை எழுதியிருந்த வரிக்குக் கீழே.

சகல பரிசுத்தவான்கள் நாளான நவம்பர் 1 இந்த முறை சனி. அதனால் ஞாயிறு 2-ம் தேதி பெரிய ஆராதனை, ஆத்துமாக்களின் நாளும் அதே தேதி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும் நாளும் அதுவே. சனிக்கிழமை பச்சையை எடுத்து வெள்ளையை மாட்டினோம். இரண்டு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இருந்தது (ஈஸ்டர் இரவு, பெந்தெகொஸ்தே, இயேசுவின் ஞானஸ்நானத் திருநாள், இந்தத் திருநாள் என்று நான்கு நாட்களை ஜெபப் புத்தகம் இதற்கு விசேஷமாகச் சொல்கிறது). குழந்தைக்குக் குளிராமல் இருக்க தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்க வேண்டும், ஈஸ்டர் மெழுகுவர்த்தியை ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நகர்த்த வேண்டும். ஞானஸ்நானத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் ஏற்றுவது அதே மெழுகுவர்த்திதான்.

பிள்ளைகளோடு சபையாரும் எழுந்து நின்று ஞானஸ்நான உடன்படிக்கையைப் புதுப்பிப்போம். விசுவாசப் பிரமாணம் கேள்வி பதிலாக வரும், அப்புறம் ஐந்து கேள்விகள். தீமையை எதிர்ப்பீர்களா, எல்லா மனிதரிலும் கிறிஸ்துவைத் தேடிப் பணிசெய்வீர்களா, நீதிக்கும் சமாதானத்துக்கும் பாடுபடுவீர்களா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில், கடவுளின் துணையோடு செய்வேன். முதல் இரண்டு கேள்விக்கு உதடு மட்டும் அசைந்தது. மூன்றாவதுக்குக் குரல் வந்தது.

அப்புறம் பெயர்கள். ஒரு பெயர், ஒரு மணியோசை. அம்மாவின் பெயர் வரும்போது உடைந்துபோவேன் என்று பயந்து கைக்குட்டையெல்லாம் கொண்டுபோயிருந்தேன். நடந்தது வேறு. கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம், எடுத்து வைத்த அப்பம் போதுமா என்று மனதுக்குள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன், நடுவில் அம்மாவின் பெயர் வந்து போய்விட்டது. மணி அடித்த பிறகுதான் உறைத்தது. வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. வீட்டில் விருந்து நடக்கும்போது சோறு போதுமா என்று அடுக்களையிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பார் அம்மா. நானும் அப்படித்தான் நின்றிருந்தேன். அப்பம் போதுமானதாக இருந்தது.

அன்றைய சுவிசேஷம் லூக்கா 6. "இப்பொழுது பசியாயிருக்கிற நீங்கள் பாக்கியவான்கள்." பட்ஜெட் நிறைவேறாததால் அக்டோபர் 1-ல் தொடங்கிய அரசாங்க முடக்கம் அப்போதும் முடியவில்லை, நவம்பர் மாத உணவு உதவி சொன்ன நாளில் கைக்கு வருமா என்று பல குடும்பங்கள் பயந்துகொண்டிருந்தன. எங்கள் உணவு அலமாரிக்கு வருகிறவர்கள் கூடிப்போனார்கள். ரெக்டர் அந்த வசனத்தை விளக்கவே இல்லை. வாசித்து முடித்துக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார், பிறகு என்னென்ன தேவை என்று பட்டியல் படித்தார்: அரிசி, டின் மீன், குழந்தைகளுக்கான டயப்பர். என்னைப் பொறுத்தவரை இந்த வருடத்தின் சிறந்த பிரசங்கம் அதுதான்.

எல்லாரும் போன பிறகு நானும் கில்ட் அம்மாவும் துணி அலசினோம். ஐந்து மணிக்கு முன்பே வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. "பெயரைச் சரியாகப் படித்தார்களா?" என்று கேட்டார். கவனிக்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். "நானும்தான். மெழுகு ஒழுகுகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்," என்றார். தொட்டியின் அடைப்பைத் திறந்தார். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் சத்தம் இருவரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

நவம்பர் 14 இந்த ஊர்க்காரர்களுக்கு முக்கியமான நாள். 1784-ல் அதே தேதியில் சாமுவேல் சீபரி, கனெக்டிகட் குருமார் தேர்ந்தெடுத்தவர், ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையின் முதல் பேராயராக அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்தில் அது நடக்கவில்லை, ஏனென்றால் ராஜாவுக்கு உண்மையாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும், சுதந்திர நாட்டு ஆள் எப்படிச் செய்வது? ஸ்காட்லாந்துப் பேராயர்கள் கைவைத்தார்கள். திருவிருந்தில் பரிசுத்த ஆவியை அழைக்கும் ஜெபம் அமெரிக்க ஜெபப் புத்தகத்தில் இருப்பதற்கும் அந்த ஸ்காட்லாந்து உறவுதான் காரணம். மாலையில் சின்ன ஆராதனை, பன்னிரண்டு பேர். எனக்குப் பிடித்திருந்தது, பேராயர் இல்லாத சபை எவ்வளவு தவித்திருக்கும் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

23-ம் தேதி கிறிஸ்து அரசர் ஞாயிறு, மறுபடி வெள்ளை. அரசர் என்று சொல்லிவிட்டு அன்று வாசிப்பதோ சிலுவைக் காட்சி, பக்கத்தில் தொங்கும் கள்வன் தன்னை நினைத்தருளும்படி கேட்கும் பகுதி. 27-ம் தேதி தேங்க்ஸ்கிவிங், காலையில் திருவிருந்து, இருபது பேர்கூட இல்லை, எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

29-ம் தேதி சனிக்கிழமை, அட்வெந்துக்காக நீலத்தை மாட்டினோம். சில சபைகளில் ஊதா போடுவார்கள், எங்களுக்கு நீலம். கில்ட் அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் ஏணியில் நான் ஏறினேன், அவர் கீழே நின்று இடப்பக்கம் கொஞ்சம் இறக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பச்சையைத் தட்டி, தாள் சுற்றி, டிராயரில் வைத்தோம். ஜனவரி 6-ல் வரும் எபிபனி திருநாள் முடியும்வரை அதற்கு வேலையில்லை. மூடும்போது பார்த்தேன், ஒரு ஓரத்தில் விளிம்பு நூல் பிரிந்திருக்கிறது. ஜனவரிக்குள் தைத்துவைக்க வேண்டும், அதே பச்சையில் நூல் தேடிக்கொண்டிருக்கிறேன்.