சுளுக்குதானே என்று கட்டுப் போடும் முன்

கணுக்கால் வீங்கி வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சுளுக்குதான். ஆனால் வந்திருப்பது 12 முதல் 15 வயதுப் பிள்ளை என்றால், அந்த வார்த்தையை நான் அவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டேன்.

முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு டிபியா. அதன் கீழ்முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பை நீளமாக வளரவைக்கும் குருத்தெலும்பு, ஒரேயடியாக எலும்பாக இறுகி மூடுவதில்லை. நடுவில் தொடங்கி, உட்பக்கம் இறுகி, கடைசியாகத்தான் வெளிப்பக்கம் மூடும். இதற்கு ஒன்றரை வருஷம் வரை ஆகிறது. அதுவரை முன்பக்க வெளிமூலை மட்டும் இளசாகவே இருக்கும். பாதம் ஊன்றியபடி நிற்க உடம்பு திரும்பினால், அந்த மூலையைப் பக்கத்து எலும்பான ஃபிபுலாவோடு பிணைக்கும் ஜவ்வு கிழியாது. எலும்புத் துண்டையே பெயர்த்துவிடும். டில்லோ முறிவு என்பது இதுதான்.

போன மாதம் கபடி ஆடி விழுந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க சார், புத்தூர் கட்டு போட்டுரலாமா?" என்றார் அப்பா. வெளிக்கணுவை அழுத்தினேன், பேசாமல் இருந்தான். விரலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, மூட்டுக்குச் சற்று மேலே வைத்ததுமே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

நேராக எடுத்த படத்தில் ஃபிபுலாவின் நிழல் அந்தத் துண்டின் மேல் விழுந்து மறைத்துவிடும். காலை 15, 20 டிகிரி உள்பக்கம் திருப்பி எடுக்கச் சொன்னேன். மூட்டு வரைக்கும் இறங்கும் செங்குத்துக் கோடு தெரிந்தது. சி.டி. ஸ்கேனில் இடைவெளி 2 மில்லிமீட்டருக்கு மேல். ஒரு ஸ்க்ரூ போட்டோம்.

"கால் குட்டையாயிடுமா சார்?" எல்லா அப்பாக்களும் கேட்பதுதான். இந்த வயதில் அந்த இடத்தில் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்துவிட்டது, அந்தப் பயம் வேண்டாம். மூட்டின் பரப்பு மேடுபள்ளமாகச் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அப்படிச் சேர்ந்தால் சின்ன வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வரலாம்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. சுண்டுவிரலுக்குப் பின்னால், பாதத்தின் வெளியோரத்தில் துருத்தும் எலும்பின் அடியில், வளரும் பிள்ளைகளுக்கு இயல்பாகவே ஒரு கோடு தெரியும். எலும்பின் நீளவாக்கில் ஓடினால் அது வளர்ச்சிக் கோடு. குறுக்கே வெட்டினால் முறிவு. நீளவாக்கில் ஓடி, அழுத்தினாலும் வலிக்கவில்லை என்றால் மாவுக்கட்டு தேவையே இல்லை.