ஸ்பெஷல் சர்வேக்கு யார்டு பிடிச்ச கதை

எங்க கம்பெனில ஓடுற ஒரு சின்ன கோஸ்டல் கார்கோ கப்பலுக்கு 15 வருஷ ஸ்பெஷல் சர்வே வந்துச்சு, ரிப்பேர் பண்ற யார்டு பாக்குற வேலை என் தலைல விழுந்துச்சு. கப்பல பரிசோதிச்சு சர்டிபிகேட் குடுக்குற அமைப்பான கிளாஸோட ரூல்படி 5 வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பெரிய சர்வே, அதுக்குள்ள ரெண்டு தடவை கப்பலோட அடிப்பாகத்தைப் பாக்கணும், ரெண்டுக்கும் நடுவுல 36 மாசத்துக்கு மேல இடைவெளி விடக் கூடாது. தேதிய நம்ம இஷ்டத்துக்கு தள்ள முடியாது, யார்டுக்காரங்களுக்கும் அது நல்லாவே தெரியும்.

யாருக்கும் என்கொயரி அனுப்புறதுக்கு முன்னாடி கேஜிங்க, அதாவது இரும்புத் தகடோட தடிமன அளக்குறத, முடிச்சேன். நாலாவது ஆனுவல் சர்வேலயே ஸ்பெஷல் சர்வேய ஆரம்பிக்க கிளாஸ் விடும், அதனால கிளாஸ் அப்ரூவ் பண்ணின கேஜிங் டீம கூட்டிட்டு வந்து சர்வேயரையும் வெச்சுகிட்டு ஹேட்ச் கவர் (சரக்கு அறை மூடி), கோமிங் (மூடி உக்கார்ற விளிம்புச் சுவர்), கப்பலோட முன்முனை பின்முனைல இருக்குற ரெண்டு பீக் டேங்க் உள்பக்கம், நடுக்கப்பல் செக்‌ஷன் எல்லாம் கப்பல் தண்ணில இருக்கும்போதே அளந்தாச்சு. பலபேரு யார்டுக்கு அனுப்புற வேலைப் பட்டியல்ல (ஸ்பெக்) மாத்த வேண்டிய ஸ்டீல் 5 டன்னுன்னு குத்துமதிப்பா போட்டு அனுப்பிடுறாங்க, டாக்ல ஏறினப்புறம் அது 15 டன் ஆனா அப்போ யார்டு சொல்றதுதான் ரேட்டு, கப்பல தூக்கிட்டு வேற எங்க போவீங்க?

மூணு கோட்டேஷன் வந்துச்சு. ஒண்ணு மத்த ரெண்டையும் விட ரொம்பக் கம்மி, ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம், இதையே ஃபைனல் பண்ணிடலாமேன்னு. நான் மூணையும் ஒரே எக்செல்ல ஒரே அளவு போட்டு நிரப்பிப் பாத்தேன். அந்தக் கம்மி ரேட்டுல கிலோவுக்கு சொன்ன ஸ்டீல் விலைக்குள்ள ஸ்டேஜிங் (ஏறி நிக்கிற சாரம்) இல்ல, டேங்க்ல ஆபத்தான வாயு இல்லேன்னு சொல்ற கேஸ் ஃப்ரீ சர்டிபிகேட் இல்ல, குறுக்க வர்ற பைப்ப கழட்டி மாட்டுறது இல்ல, வளைஞ்ச பிளேட்டுக்கு தனியா சதவீதம், தீப்பிடிக்காம பாத்துக்குற ஃபயர் வாட்ச் ஆளுக்கு ஷிஃப்டுக்கு இவ்வளவுன்னு தனிக் காசு. அதுக்கும் கீழ பொடி எழுத்துல ஒரு வரி, ஒரு பீஸுக்கு குறைஞ்சபட்சம் 50 கிலோ சார்ஜ். எங்க ஃபோர்பீக்ல (முன்பக்க பீக் டேங்க்) அரிச்சுப் போனதெல்லாம் சின்னச் சின்ன பிராக்கெட், ஒண்ணு 10 கிலோ கூட தேறாது, ஆனா பில்லுல ஒவ்வொண்ணும் 50. எல்லாத்தையும் கூட்டினா அந்த கோட்டேஷன் மூணாவது இடத்துக்குப் போயிடுச்சு.

மீதி ரெண்டு யார்டையும் நேர்ல போய்ப் பாத்தேன், ஆபீஸ்ல குடுக்குற டீயையும் வீடியோவையும் முடிச்சுட்டு வேலை நடக்குற இடத்துக்கே கூட்டிட்டுப் போங்கன்னேன். ஒரு யார்டுல 7018 வெல்டிங் ராடு பாக்கெட் பிரிச்சபடி ஈரத் தரைல கிடக்குது, பக்கத்துல ராடு சூடா வைக்கிற ஓவன் பிளக் கூட சொருகல. லோ ஹைட்ரஜன் ராடு ஈரம் குடிச்சா வெல்டுல கிராக் வரும், இது ஃபோர்மேனுக்குத் தெரியாதா என்ன. இன்னொரு யார்டு ரேட்டு கொஞ்சம் கூடத்தான், ஆனா வெல்டர் லிஸ்ட் கேட்டதும் கிளாஸ் குவாலிஃபிகேஷன் பேப்பரோட எடுத்து வெச்சாங்க, ஸ்டாக்ல இருந்த பிளேட்டுலயும் கிளாஸ் ஸ்டாம்ப் இருந்துச்சு. ஸ்டீல் வேலை சப் கான்ட்ராக்டா சொந்த ஆளான்னு கேட்டா நேராவே பதில் சொன்னாங்க. அவங்களுக்கே குடுத்தோம்.

யார்டு கிழக்குக் கரைல, எங்க சர்வே டியூ நவம்பர் கடைசில. நவம்பர்ல மழைக்குள்ள பெயின்ட் அடிக்கிறது நடக்காத காரியம், இரும்போட சூடு டியூ பாயின்டுக்கு (காத்துல இருக்குற ஈரம் பனியா படியிற வெப்பநிலை) மேல 3 டிகிரியாவது இருக்கணும், ஹியூமிடிட்டி 85-க்கு மேல போனா பெயின்ட் கம்பெனி ஆளு ஸ்ப்ரே கன்ன தொடவே விடமாட்டாரு. டியூ தேதிக்கு முன்னாடி 3 மாசத்துக்குள்ள முடிச்சா புது சர்டிபிகேட் பழைய தேதில இருந்துதான் கணக்கு, ஒரு நாளும் நஷ்டம் இல்ல, அதனால செப்டம்பர்லயே ஸ்லாட் கேட்டு வாங்கியாச்சு.

கான்ட்ராக்ட்ல நான் விட்டுக் குடுக்காதது, எக்ஸ்ட்ரா வேலை எதுவா இருந்தாலும் என் கையெழுத்து இல்லாம ஆரம்பிக்கக் கூடாது, ரேட்டு முன்னாடியே பேசினதுதான். இல்லேன்னா கடைசில மீட்டருக்கு மேல போட்டுக் குடுங்க சார்னு ஆட்டோல கேக்குற கதைதான். ஸ்டீல் எடையையும் தினமும் சாயங்காலம் நானும் சீஃப் இன்ஜினியரும் டேப் போட்டு அளந்தே எழுதினோம், 10 எம்எம் பிளேட் ஒரு சதுர மீட்டர் 78.5 கிலோ, இதுல யாரும் வாதாட முடியாது.

டாக்ல பெருசா எதுவும் கிளம்பல. ஆங்கர் செயின் அளந்தப்போ ஆங்கர் பக்கத்து ஷேக்கிள் (செயினோட ஒரு நீளத் துண்டு) 12 சதவீதத் தேய்மான வரம்பை நெருங்கிட்டு இருந்துச்சு, செயினைத் தலைகீழா மாத்திப் போட்டோம். ஃபைனல் பில்லுல ரெண்டு இடத்துல இடிச்சுது, கிரேன் மணிக்கணக்கும் கரன்ட் யூனிட்டும், மீட்டர் ரீடிங் ஃபோட்டோ காட்டினதும் யார்டே குறைச்சுடுச்சு. சர்வேயர் கண்டிஷன் (பின்னால சரி பண்ணச் சொல்ற குறை) எதுவும் போடாம இன்டரிம் (தற்காலிக) சர்டிபிகேட் குடுத்தாரு, கப்பல் மறுநாள் லோடிங்குக்குக் கிளம்பிடுச்சு.