காசு போட்டும் கேம் ஏறலையா?

நின்றுகொண்டு ஜாய்ஸ்டிக் பிடித்து ஆடும் வீடியோ கேம் மிஷின்கள் ஒதுங்கிக்கொண்டே போகின்றன. மால்களில் இப்போது அட்டையைத் தேய்த்து ஆடும் கூடைப்பந்தும் பொம்மை கவ்வும் மிஷினும்தான். ஆனால் நெல்லைப் பொருட்காட்சியிலோ சீசன் நேரத்துக் குற்றாலத்திலோ பழைய மிஷின் ஒன்று கைக்கு வந்தால் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய பாகங்கள். பெரும்பாலும் கேமை ஓட்டும் சர்க்யூட் போர்டு நன்றாகவே இருக்கும். தகராறு அதைச் சுற்றி உள்ளவற்றில்தான்.

முதல் தகராறு நம்ம துட்டு. 2011இல் வந்த வரிசையில் 5 ரூபாய்க் காசின் விட்டம் 23 மி.மீ., 2 ரூபாய் 25 மி.மீ. 2019இல் வந்த வரிசையில் 5 ரூபாய் 25, 2 ரூபாய் 23. அப்படியே தலைகீழ்! இரண்டு வரிசையும் ஒன்றாகப் புழங்குகின்றன. விட்டத்தை மட்டும் பார்க்கும் பழைய காசுப்பெட்டியில் பழைய 5 ரூபாய்க்கு வைத்த துளையில் புது 2 ரூபாய் போய்விடும். மின்னணுக் காசுப்பெட்டி உலோகத்தையும் சேர்த்துப் பார்ப்பதால் ஏமாறாது. ஆனால் அதற்குள் மாதிரிக்கு மாட்டியிருக்கும் ஒரே ஒரு காசோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே விடும். பழைய 5 மாட்டியிருந்தால் புது 5 வெளியே விழும். சரியான வழி டோக்கன். 28 மி.மீ. அளவில் அடித்தால் புழக்கத்தில் உள்ள எந்தக் காசோடும் குழம்பாது. வாங்குமுன் காசுப்பெட்டியின் துளை அந்த அளவை ஏற்குமா என்று பாருங்கள்.

நல்ல டோக்கனும் திரும்பி விழுந்தால் மாதிரி டோக்கன் அசைந்திருக்கும், காசு வழியில் அழுக்கு இருக்கும், இல்லையென்றால் 12 வோல்ட் வந்து சேரவில்லை. டோக்கன் உள்ளே போயும் கிரெடிட் (ஆட்டக் கணக்கு) ஏறாவிட்டால் காசுப்பெட்டியின் பக்கத்தில் உள்ள என்.ஓ. (சாதாரணமாகத் திறந்திருப்பது), என்.சி. (சாதாரணமாக மூடியிருப்பது) சுவிட்சைப் பாருங்கள், என்.ஓ.வில் இருக்க வேண்டும். அப்படியும் ஏறவில்லையா? காசுப்பெட்டி போர்டுக்கு அனுப்பும் மின் துடிப்பான பல்ஸின் வேகத்தை மெதுவாக்குங்கள். மிகக் குறுகிய பல்ஸைச் சில போர்டுகள் கவனிக்காது.

கேம் பாதியில் ரீசெட் ஆனால் போர்டைக் குறை சொல்லாதீர்கள். போர்டை மற்ற பாகங்களோடு சேர்க்கும் 56 முனை ஜாம்மா இணைப்பில், போர்டின் முனையிலேயே மல்டிமீட்டரை வைத்து 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். பவர் சப்ளையில் 5 காட்டும். ஒயரில் இறங்கிப் போர்டுக்கு 4.7தான் வரும். முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பவர் சப்ளையைச் சரிசெய்து போர்டின் முனையில் 5.0 முதல் 5.1 வோல்ட் வரை வைத்தால் போதும். அதற்கு மேல் ஏற்றுவது சிப்புகளுக்கு ஆபத்து.

பேக்-மேன் போன்ற கேமை எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் ஆடினால் திருப்பத்தில் மாட்டிக்கொள்ளும். மூலையில் இரண்டு மைக்ரோ சுவிட்ச் ஒன்றாக அழுந்துவதுதான் காரணம். அடியில் உள்ள தடுப்புத் தட்டை நான்கு திசைக்குத் திருப்பிவிடுங்கள். பல ஜாய்ஸ்டிக்குகளில் இந்த வசதி உண்டு.

குற்றாலத்தில் வைப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அருவியில் குளித்து ஈரக்காலோடு வந்து நிற்பார்கள், கை வைப்பது பட்டன்கள் உள்ள இரும்புப் பலகை. அந்தப் பலகைக்கு எர்த் கொடுங்கள். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். இதில் சமரசமே கிடையாது. சாரலில் அடிப்பலகை ஊறி உப்பும், அதனால் தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கி வையுங்கள். திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக்காற்று; அங்கே பட்டன் முனைகள் பச்சை பிடிக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும்.

பழைய பிக்சர் டியூப் ஓடும்வரை அதையே வைத்திருங்கள். எல்.சி.டி.யும், அதற்கேற்பப் படத்தை மாற்றித் தரும் கன்வெர்ட்டரும் மாட்டினால் பட்டனுக்கும் திரைக்கும் நடுவே தாமதம் வரும். அடித்த கணமே அடி விழும் சுகம் போய்விடும். டியூபின் பின்னால் மட்டும் கை வைக்காதீர்கள். அணைத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் அங்கே தங்கியிருக்கும். அதைப் பழைய டி.வி. மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.