செக்குக் கணக்கு

அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்லுக்குப் பணம் கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் செய்யும் மெடிக்கல் பில்லிங் வேலை எங்களுடையது. அந்தக் கோரிக்கைக்குப் பேர் கிளெய்ம். இந்த வேலை போனால் என்ன என்று ஒரு பேக்கப் வைத்துக்கொள்ளாத ஆள் எங்கள் ஃபுளோரில் கிடையாது. ஹோல்டில் பாட்டு ஓடும்போதெல்லாம் குரூப் 4 பழைய வினாத்தாளைப் பிரித்துவிடுவான் ஒருத்தன். இன்சூரன்ஸ்காரன் எப்படியும் இருபது நிமிடம் காக்க வைப்பான், அதற்குள் பொதுத்தமிழில் பத்துக் கேள்வி ஓடிவிடும். போன் பேசும் காலிங்கை விட்டு, சிகிச்சைக்குக் குறியீடு போடும் கோடிங்குக்குத் தாவ சி.பி.சி. தேர்வு எழுதுகிறவர்கள் இன்னொரு பக்கம். 4 மணி நேரம், 100 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் பாஸ். அதை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை, அதே கிளெய்மை வேறு சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதுதானே. அப்புறம் காளான், டிராவல்ஸ் வண்டி, நாட்டுக்கோழி. கோழி என்று யாராவது வாயைத் திறந்தால் ஈரோட்டுக்காரர்கள் உடனே "ஈமுவா?" என்பார்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணை மோசடியில் பணத்தை இழந்தவர்கள் அவர்கள் சொந்தத்திலேயே யாராவது இருப்பார்கள். அதனால் அந்தச் சிரிப்பு அவ்வளவு சிரிப்பாகவும் இருக்காது.

என் டீமில் இருக்கும் தம்பி ஒருத்தன் சொன்னது மரச்செக்கு. ஊர் வெள்ளகோயில். காங்கேயம், வெள்ளகோயில் வட்டாரத்தில் கொப்பரைக் களத்தையும் எண்ணெய் வாசனையையும் பார்க்காமல் யாரும் வளர முடியாது, அதனால் யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை. வீட்டுப் பின்னால் ஓடு போட்ட கொட்டகை சும்மா கிடக்கிறது, அம்மா கூட நின்று பார்த்துக்கொள்வார், வாகை மரச் செக்கு ஒன்று போட்டு நிலக்கடலை ஆட்டலாம். "வேலைய விட பேப்பர் போட்டுரலாம்னு இருக்கேங்ணா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றான்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே கணக்கைச் சொன்னேன். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். கிலோ 120 என்று வைத்தால் 300. புண்ணாக்கு விற்று 60 வந்தால் 240. பாட்டில், லேபிள், கரண்டு, கூலி எல்லாம் சேர்த்து 40. அடக்கம் 280. கடைக்காரனுக்கு 310க்குப் போட்டால் கையில் நிற்பது 30 ரூபாய். "உன் சம்பளம் 28,000. அதே காசு வேணும்னா மாசம் 930 லிட்டர் போகணும். ஒரு வீட்டுக்கு மாசம் 4 லிட்டர்னா 230 வீடு. எங்கே இருக்கு உன் 230 வீடு?" கடன் தவணை இதில் சேரவில்லை என்றும் சொன்னேன். சிறுதொழிலுக்கு மத்திய அரசு தரும் பி.எம்.இ.ஜி.பி. மானியத்தை அவன் நம்பியிருந்தான். மானியம் உண்டு, ஆனால் கையில் தரமாட்டார்கள், 3 வருடம் வங்கியில் டெபாசிட்டாகக் கிடந்து அப்புறம்தான் கடனில் கழியும். ஊர்க்காரர்கள் தூக்குப்போசியோடு வந்தால் அளந்து ஊற்றிவிடலாம் என்ற நினைப்பும் அவனுக்கு இருந்தது. 2011 உணவுப் பாதுகாப்பு விதிப்படி சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்கக் கூடாது, பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும் என்றேன். கடைசியாக கிராஜுவிட்டி, 5 வருடம் வேலை பார்த்தால் வரும் பணிக்கொடை. 5 வருடம் முடிய அவனுக்குச் சில மாதங்கள்தான் பாக்கி. அடிப்படைச் சம்பளம் 12,000, அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, 5 வருடத்துக்கு 34,615 ரூபாய். இப்போது போனால் அது கிடைப்பது சந்தேகம்.

டீ ஆறிப்போயிருந்தது. கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான், "இவ்வளவும் உங்களுக்கு எப்படிங்ணா தெரியும்?"

"யூடியூப்ல பாத்ததுதான்" என்றேன்.

அவன் பேப்பர் போடவில்லை. இந்த இடத்தைத் தாண்டித்தான் எனக்கு மனசு ஓடவே மாட்டேன் என்கிறது.

யூடியூபில் பார்த்தது பொய் இல்லை, நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் பருப்பு விலையை மாற்றினால் அடக்கம் தானாக மாறும்படி ஃபார்முலா போட்ட ஒரு எக்ஸெல் என் லேப்டாப்பில் இருக்கிறது, 2019இல் போட்டது. கொட்டகைக்கு இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "அப்புறம் ஏங்ணா நீங்க போகலை?" என்று கேட்டிருப்பான். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது: கல்யாணம், வீட்டு வாடகை, அப்பாவின் ஆபரேஷன். எல்லாம் நிஜமான காரணங்கள். அதை மாதச் சம்பளம் எடுக்கும் யார் சொன்னாலும் நிஜமாகத்தான் இருக்கும், அதுவும் தெரியும். டீ குடிக்கிற நேரத்தில் சொல்கிற விஷயமா அது? ஒரு ஆளின் சந்தேகத்தைத் தீர்க்க என் கதை எதற்கு, கணக்கு போதும். கணக்கில் தப்பு இல்லை. இன்றைக்கும் அதையே சொல்வேன்.

சொல்வேன்தான். ஆனால் அதே மாதம் என் ஸ்கோர்கார்டில் அட்ரிஷன், அதாவது டீமை விட்டுப் போனவர்கள் கணக்கு, ஏற்கெனவே சிவப்பில் இருந்தது. டீமில் இன்னும் ஒரு ஆள் போனால் என் ரேட்டிங் ஒரு படி இறங்கும். டீக்கடையில் அது என் நினைவில் இருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இல்லை என்றுதான் தோன்றுகிறது. அது நினைவுக்கு வர வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு உள்ளே ஊறிப்போயிருக்கலாம் என்றும் தோன்றுகிறது. டீம் லீடிடம் வந்து வேலையை விடலாமா என்று கேட்பது அவன் செய்த தப்பு என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னேன். "அவன் டீம் லீடிடமா கேட்டான்? அண்ணானு கேட்டிருக்கான்" என்றாள். அவளிடம் சொல்லியிருக்கவே வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. எண்ணெய்க்கு என்னென்ன ரிஸ்க் உண்டோ அத்தனையும் எடுத்துப் போட்டேன். பருப்பு விலை, கடன், கடைக்காரன் பணம் இழுத்தடிப்பது எல்லாம். எதிர்ப்பக்கம் 28,000 என்று ஒரே எண், அதற்கு ஒரு ரிஸ்க்கும் போடவில்லை. மாதா மாதம் மழை வெயில் பாராமல் வந்துகொண்டே இருக்கும் என்ற மாதிரி. ஆனால் கிளெய்ம் ஸ்டேட்டஸ் கேட்க ஆள் போன் செய்தே ஆக வேண்டிய காலம் போய்க்கொண்டிருக்கிறது. பாதி போர்ட்டலிலேயே தெரிந்துவிடுகிறது. இப்போது இன்சூரன்ஸ்காரனோடு பேசவே கம்ப்யூட்டர் குரல் வந்துவிட்டது, மறுமுனையிலும் கம்ப்யூட்டர்தான், நடுவில் நாம் எதற்கு என்று கேண்டீனில் ஜோக்காகப் பேசிக்கொள்கிறோம். அந்த ஜோக்கைச் சொன்ன வாயால்தான் 28,000ஐ நிச்சயம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். அதற்காக அவனைப் போ என்று சொல்லியிருக்க முடியுமா? முடியாது. வேலை போகலாம் என்பதற்காக எண்ணெய் விற்றுவிடாது. இரண்டும் தனித்தனிப் பிரச்சினை, ஒன்று இன்னொன்றுக்குப் பதிலாகாது.

5 வருடம் முடிந்தது. அவன் போகவில்லை. சீனியர் ஆக்கினார்கள், சம்பளம் கொஞ்சம் ஏறியது. "நல்லவேளை அன்னைக்கு நீங்க சொன்னீங்க" என்று இரண்டு பேர் முன்னால் சொன்னான். நன்றியாகத்தான் சொன்னான், எனக்குத்தான் காது கூசியது.

போன மாதம் ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வண்டிக்கு நிற்கும்போது, "அந்தச் செக்குக் கணக்கை எழுதி அனுப்புங்ணா, மச்சான் ஒருத்தர் கேக்கறார்" என்றான். மச்சான் உண்மையா என்று நான் கேட்கவில்லை. பழைய கோப்பை அப்படியே அனுப்பினால் உருவாக்கிய தேதி தெரியும், 2019 என்று பார்ப்பான். அதனால் புதுக் கோப்பு திறந்து முதலிலிருந்து தட்டினேன். கடைசியில், அன்றைக்கு அவன் சொல்ல வந்து நான் காதில் வாங்காமல் விட்ட ஒன்று ஞாபகம் வந்தது. கடைக்குப் போடாமல் திருப்பூரில் அக்கா இருக்கும் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் நேரடியாக விற்கலாம் என்றான். சரி, அதையும் போட்டுப் பார்ப்போம் என்று விற்பனை விலையை 350 ஆக்கினேன். லிட்டருக்கு 70 நின்றது. 28,000க்கு 400 லிட்டர். 100 வீடு.

230 வீட்டுக்கு எங்கே போவாய் என்று கேட்க எனக்கு வாய் வந்தது. 100 வீடு அவ்வளவு எளிதில் கேட்கக் கூடிய எண் இல்லை. அதே சமயம் அவர்களை மாதா மாதம் பிடித்து வைப்பது லேசுமில்லை. ஒரு அபார்ட்மெண்டில் 20 பேர் வாங்கினால் பெரிய விஷயம், திருப்பூர் வரை பெட்ரோல் செலவும் உண்டு. பெட்ரோலுக்கு ஒரு வரி சேர்க்கலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். லிட்டருக்கு 10 ரூபாய் என்று போட்டால் 117 வீடு. நியாயமான வரிதான், ஆனால் அதைச் சேர்க்கும்போது என் கை எதற்காகச் சேர்க்கிறது என்று எனக்கே நம்பிக்கையில்லை. சேர்த்தேன், அழித்தேன், மறுபடி சேர்த்தே அனுப்பினேன். கடைக்கு ஒரு கணக்கு, நேரடி விற்பனைக்கு ஒரு கணக்கு, பக்கத்துப் பக்கத்தில். குறிப்பு ஒன்றும் எழுதவில்லை.

புளூ டிக் உடனே வந்தது. மறுநாள் அவன் எண்ணெயைப் பற்றி எதுவும் பேசவில்லை. தகவல் குறைகிறது என்று இன்சூரன்ஸ்காரன் கிளெய்மை மறுக்கும் சிஓ 16 டினையல் ஒன்றில் எந்தத் தகவல் விடுபட்டது என்று பிடிபடவில்லை, கொஞ்சம் பாருங்க என்று ஸ்கிரீனைத் திருப்பினான், பார்த்துச் சொன்னேன். எந்தக் கணக்கு மச்சானுக்குப் போனது, எது இவனிடம் நிற்கிறது என்று இன்னும் கேட்கவில்லை. இந்த வருட அப்ரைசல் முடிந்த பிறகு கேட்கலாம் என்றிருக்கிறேன்.