கம்பியை அழிக்கிற இடத்திலிருந்து பார்த்த சூப்பர்ஹீரோக்கள்

சூப்பர்ஹீரோ படங்களில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் கேட்கிறவர் முகம் மலர்ந்துவிடும். "பறக்க வைக்கிறது நீங்கதானா?" என்பார். நான் பறக்க வைப்பதில்லை. பறக்கிறவரைத் தூக்கிப் பிடித்திருக்கும் கம்பியை அழிக்கிறேன். கம்பி, கொக்கி, இடுப்பு வார், தரையில் போட்ட மெத்தை, பச்சைத் துணியில் ஒட்டிய குறிகள், ஓரத்தில் தப்பித் தவறித் தெரியும் மைக் என்று எல்லாவற்றையும் ஃபிரேம் ஃபிரேமாகத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் இருந்திருக்கவேண்டிய வானத்தையோ சட்டை மடிப்பையோ வரைந்து வைப்போம். துறையில் இதற்குப் பெயின்ட் என்று பெயர். பக்கத்து மேஜைகளில் ரோட்டோ நடக்கும். நடிகரின் உருவத்தை விளிம்பு பிசகாமல் பிரித்தெடுப்பது அவர்கள் வேலை. இந்த இரண்டும் முடிந்த பிறகுதான், துண்டுகளையெல்லாம் ஒரே படமாகச் சேர்க்கும் காம்ப் ஆட்கள் வெடிப்பையும் இடிந்து விழும் கட்டடத்தையும் உள்ளே கொண்டுவந்து வைப்பார்கள். ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். அவிழ்ந்த கூந்தல் காற்றில் பறக்கிற ஷாட் என்றால் அந்த ஒரு விநாடியே நாள்கணக்கில் ஆளைத் தின்றுவிடும்.

இப்படிப் படம் பார்ப்பது ஒரு தினுசான பழக்கம். வசனம் கேட்காது, இசை இருக்காது. கதை வெளியே கசிந்துவிடும் என்று ஷாட்டை மட்டும் துண்டாக அனுப்புவார்கள்; அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று தெரியாது. எந்தப் படம் என்று வெளியே சொல்லவும் ஒப்பந்தம் விடாது. தியேட்டர் ஆரவாரமும் எங்களுக்குக் கிடையாது, விமர்சகர் கையில் இருக்கும் முழுப்படமும் கிடையாது. கண்ணெதிரே மிஞ்சுவது ஓர் உடம்பு, ஒரு முகம். இந்தப் படங்களுக்கு இத்தனை காலமாகக் கூட்டம் கூடுகிறதே, அதற்கு இவை தகுதியானவைதானா என்று யாராவது கேட்டால் என் பதில் அந்த மேஜையிலிருந்துதான் வரும்.

கம்பியில் தொங்குகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? பாரம் முழுக்க இடுப்பில் நிற்கும். கால்கள் தொளதொளவென்று பின்தங்கும். தரையிலிருந்து எழும்பும்போது முழங்கால் உந்துவதற்கு முன்பே இடுப்பு மேலே போய்விடும், ஏனென்றால் கிரேன் இழுத்துவிட்டது. நல்ல நடிகர் என்றால் கம்பி இறுகுவதற்கு மூன்று நான்கு ஃபிரேம் முன்னதாகவே கால் விரல்களை அழுத்தித் தரையை உதைத்திருப்பார்; கழுத்து முதலில் திரும்பும், தோள் அதன் பின்னால் வரும். அப்படி ஒரு ஷாட் வந்தால் எங்கள் வரிசையில் ஆளாளுக்கு எழுந்து வந்து பார்ப்பார்கள். அழிக்க வேண்டிய கம்பி எல்லா ஷாட்டிலும் ஒன்றுதான். ஆனால் அந்த உதை பிளேட்டில், அதாவது கேமராவில் எடுத்து வந்த மூலக் காட்சியில், இல்லாவிட்டால் நாங்கள் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அதை வரைந்து சேர்க்க முடியாது.

1978இல் வந்த சூப்பர்மேன் படத்தைத் தொழில் கற்கும்போது எங்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். கணினியில் கம்பி அழிக்கும் வசதி அன்று கிடையாது. ஸோரான் பெரிசிக் என்பவர் கேமராவிலும் புரொஜெக்டரிலும் ஜூம் லென்ஸ்களை ஒன்றோடொன்று பிணைத்து ஒரு முறை கண்டுபிடித்தார்: நடிகர் இருந்த இடத்திலேயே இருப்பார், பார்க்கிறவருக்கு அவர் நம்மை நோக்கிப் பறந்து வருவதுபோல் தோன்றும். காட்சி உத்திகளுக்காக அந்தப் படத்துக்குத் தனியாக ஆஸ்கர் விருதும் கொடுத்தார்கள். இதையெல்லாம் விரிவாகப் பாடம் எடுத்த எங்கள் ஆசிரியர், கடைசியில் போட்டுக் காட்டிய காட்சியில் உத்தி என்று எதுவுமே இல்லை. காதலிக்கும் லாயிஸ் லேன் வீட்டில், கிளார்க் கென்ட் என்ற சாதாரண ஆளாக வேடம் போட்ட சூப்பர்மேன் தனியே நிற்கிறான். அந்த வேடத்தில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் கண்ணாடியைக் கழற்றுகிறார், கூனல் நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் இறங்குகிறது. சில விநாடிகளில் வேறொரு ஆள். அவள் திரும்பி வருகிற சத்தம் கேட்டதும் பழையபடி சுருங்கிவிடுகிறார். உடை மாறவில்லை, ஒளி மாறவில்லை. நான் பார்த்தவரை சூப்பர்ஹீரோ படங்களில் வந்த உருமாற்றங்களில் அதை மிஞ்சியது இல்லை. எங்களுக்கு அதில் செய்ய ஒரு வேலையும் இல்லை என்பதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 2017இல் வந்த ஜஸ்டிஸ் லீக். மறுபடப்பிடிப்புக்கு, அதில் சூப்பர்மேனாக நடித்த ஹென்றி கேவில் வந்தபோது வேறொரு படத்துக்காக மீசை வைத்திருந்தார். அதை மழிக்க அனுமதி இல்லை. மீசையைக் கணினியில் அழித்தார்கள். கம்பி அழிப்பதைவிட இது எவ்வளவோ கஷ்டம். மேலுதடு சும்மா கிடக்கிற தோல் இல்லை. பேசப் பேசப் பல்லின்மேல் வழுக்கும், மூக்குக்குக் கீழே உள்ள பள்ளத்தில் நிழல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஆழம் மாறும். படம் வெளியான உடனே பார்வையாளர்கள் அந்த உதட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மனிதன் பறக்கிறான் என்றால் ஒத்துக்கொள்கிறவர்கள், கண்ணிலிருந்து நெருப்பு வருகிறது என்றால் ஒத்துக்கொள்கிறவர்கள், மேலுதடு ஒரு நூலிழை விறைத்தால் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் படங்களின் ரசிகர்களை எதையும் விழுங்குகிற கூட்டம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த உதடுதான் ஞாபகம் வரும்.

2019இல் அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி இந்தப் படங்களைச் சினிமா என்றே சொல்ல முடியாது, கேளிக்கைப் பூங்காக்களோடு வேண்டுமானால் ஒப்பிடலாம் என்றார். பிறகு ஒரு கட்டுரையிலும் விளக்கினார். இவற்றில் எதுவும் பணயம் வைக்கப்படுவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். எங்கள் அலுவலகத்தில் அன்று மதிய இடைவேளை சூடாகவே போனது.

"அண்ணா, அந்தப் பெரியவர் இதுல ஒரு படமாவது முழுசா உட்காந்து பார்த்திருப்பாரா?" என்று புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கொதித்தான்.

ரோட்டோ பிரிவில் மூத்தவரான அக்கா டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "நீ முழுசா பார்த்திருக்கியா? அவர் சொல்றதுல பாதி நம்ம சர்வர்லயே கெடக்கு, போய்ப் பாரு."

அக்கா சொன்னது புரிய வேண்டுமென்றால் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். நடிகர் நீலத்திரை முன்னால் சாம்பல் நிற உடையில், மேலெல்லாம் குறிகள் ஒட்டிக்கொண்டு நிற்பார். கவசம் என்ன வடிவம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள். பின்னால் இருப்பது நகரமா பாலைவனமா, பகலா இரவா, அதுவும் பிறகுதான். எதிரே நிற்கும் வில்லன் ஒரு குச்சியின் நுனியில் குத்திய பந்து. வெளியீட்டுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது கிளையன்டிடமிருந்து குறிப்பு வரும்: வில்லன் இடப்பக்கத்திலிருந்து வரட்டும், வானத்தைச் செம்மஞ்சளாக்குங்கள். செய்வோம். செய்த வேலையைப் போட்டுப் பார்க்கும் டெய்லீஸில் பார்த்துவிட்டு, பழையதே தேவலை என்பார்கள். திரும்பச் செய்வோம். தொழில்நுட்பத்தால் எல்லாம் முடியும் என்று ஆனபின் எதையும் இன்றே முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் போய்விட்டது. எந்த நிமிடமும் மாற்றலாம் என்று எடுத்த காட்சியில் அந்த நடிகர் எதைப் பார்த்துப் பயப்படுவார், பாவம்? ஸ்கார்செசி பணயம் இல்லை என்று திரையில் கண்டதை நாங்கள் கோப்புகளின் வெர்ஷன் எண்ணில் காண்கிறோம்.

இதன் விலை ஊழியர்கள் தலையிலும் விழுகிறது. மார்வல் ஸ்டுடியோஸில் நேரடியாக வேலை பார்த்த விஎஃப்எக்ஸ் (காட்சி உத்தி) ஊழியர்கள் 2023 செப்டம்பரில் தொழிற்சங்கம் வேண்டுமா என்று வாக்களித்தபோது எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை.

எடையுள்ள உடம்பு, பணயமில்லாத சண்டை, ஒரே படத்துக்குள் இந்த இரண்டையும் பார்க்கலாம். 2018இன் பிளாக் பேந்தர் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் சூப்பர்ஹீரோ படம். உடை, கலை, இசை மூன்றுக்கும் விருது வாங்கியது. அருவிக்கரையில் அரியணைக்காக நடக்கும் சண்டையில் ஒவ்வோர் அடியும் உடம்பில் விழுவது தெரியும். கடைசியில் சுரங்க ரயில் பாதையில் இரண்டு கவசங்கள் மோதும் சண்டையில் எடை என்பதே இல்லை, பலரும் அதைக் குறை சொன்னார்கள். ஆனால் அந்தச் சண்டை முடிந்ததும் வில்லன் கில்மாங்கர் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துக்கொண்டே சாகிறான், மைக்கேல் பி. ஜோர்டனின் முகம் திரும்ப வருகிறது. கூட்டம் வீட்டுக்கு எடுத்துப்போனது அந்த முகத்தை. சுரங்கச் சண்டையை அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நல்ல இயக்குநர்களுக்கு இது தெரியும். முகமூடி போட்ட கதாநாயகனை வைத்துக்கொண்டு முகத்தை எப்படிக் காட்டுவது என்பதுதான் இந்த வகைப் படத்தின் அடிப்படைச் சிக்கல். 2008இன் அயன் மேன் அதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது: தலைக்கவசத்துக்குள்ளேயே கேமரா போய்விடும். கறுப்புப் பின்னணியில் ராபர்ட் டவுனியின் முகம், சுற்றிலும் மிதக்கும் எழுத்தும் கோடுகளும். நிஜத்தில் எந்தத் தலைக்கவசத்துக்குள்ளும் அப்படி இடம் இருக்காது. ஒரு முகத்தை நடிக்க விடுவதற்காகவே கட்டிய பொய்யான அறை அது. 2004இன் ஸ்பைடர்மேன் 2இல் ரயிலை நிறுத்திவிட்டு மயங்கிச் சரிகிறவனைப் பயணிகள் கைமேல் கைமாற்றி உள்ளே கொண்டுபோவார்கள். முகமூடி இல்லை. இவ்வளவு சின்னப் பையனா என்று பார்க்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேர் முகமூடியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். காட்சி உத்திகளுக்கு ஆஸ்கர் வாங்கிய படம்தான். அந்த ரயில் சண்டையில் உழைத்தவர்களை நான் கும்பிடுவேன். ஆனாலும் அந்தச் சண்டை முழுக்க அந்தப் பெட்டிக்குள் நடக்கும் ஒன்றரை நிமிடத்துக்கு நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத்தான் இருக்கிறது.

இது படம் எடுத்தவர்கள் நேற்று கண்டுபிடித்ததும் இல்லை. 1938இல் ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் 130 டாலருக்கு உரிமையை விற்ற அந்த முதல் சூப்பர்மேன் படக்கதையில் உலகம் அழியவில்லை. செய்யாத கொலைக்குச் சாகப்போகும் பெண்ணைக் காப்பாற்றுகிறான், பெண்டாட்டியை அடிக்கிறவனைச் சுவரில் விட்டெறிகிறான். அப்போது அவனுக்குப் பறக்கவும் தெரியாது, தாவத்தான் தெரியும். 1962இல் வந்த ஸ்பைடர்மேனுக்கு வில்லன்களோடு பணக்கஷ்டமும் உண்டு. அதன் பிறகு மாதா மாதம் இதழ்கள், பலர் கை மாறிய எழுத்து, வாசகர் கடிதங்கள். எடுபடாத பாத்திரங்கள் நூற்றுக்கணக்கில் மறைந்தன. நின்ற சிலரிடம் ஏதோ ஒன்று நின்றது. திரைக்கு வந்த தழுவல்கள் அந்த நீண்ட சல்லடையில் தங்கியதைத்தான் எடுத்தாள்கின்றன. எந்தத் திரைக்கதை எழுத்தாளருக்கும் இத்தனை பதிற்றாண்டு ஒத்திகை கிடைக்காது. ஆகவே இந்தக் கவர்ச்சி விளம்பரத்தால் மட்டும் வந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். முன்னோர் சேர்த்த சொத்து அது. ஒவ்வொரு படமும் அதற்குக் கொஞ்சம் சேர்க்கிறதா, கரைக்கிறதா என்று படம் படமாகத்தான் கேட்க வேண்டும்.

கூட்டமும் அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் செய்கிறது. 2019இன் அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் உலகம் முழுக்கச் சுமார் 280 கோடி டாலர் வசூலித்தது. நான்கே ஆண்டுகளில், 2023இல், அதே உலகத்தைச் சேர்ந்த தி மார்வெல்ஸ் சுமார் 20 கோடியோடு நின்றுபோனது. பிராண்டு அதே, தொழில்நுட்பம் இன்னும் மேலானது. இடையில் படங்களும் தொடர்களும் வரிசைகட்டி வந்து, ஒன்றைப் பார்க்கப் பத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்ற நிலை வந்ததும் ஜனங்கள் விலகிக்கொண்டார்கள். அதற்கு முன்பே 2018இல் ஸ்பைடர்வெர்ஸ் அனிமேஷன் படம் வேறு திசையில் போயிருந்தது: புதிதாக ஸ்பைடர்மேன் ஆகி வித்தை கற்றுக்கொள்ளும் மைல்ஸ் என்ற பையன் பல இடங்களில் விநாடிக்கு 12 படங்களாகத் தட்டுத் தடுமாறி நகர்வான், கூடவே பழகிய ஸ்பைடர்மேன் 24இல் வழுக்கிக்கொண்டு போவான். பையன் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள அசைவும் சீராகும். முன்கூட்டியே முடிவு எடுத்துவிட்டுப் படத்தைத் தொடங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு எங்கள் ஆட்களுக்கு நான் காட்டும் உதாரணம் அதுதான்.

மதிய இடைவேளையில் கொதித்த அதே தம்பி பிறகு வேறு நிறுவனத்துக்குப் போகத் தயாரானான். தான் செய்த ஷாட்டுகளைத் தொகுத்த ஷோரீலைக் காட்டி அபிப்பிராயம் கேட்டான். எடுத்த எடுப்பில் ஒரு பாலம் வெடித்துச் சிதறியது.

"இதைப் பின்னால தள்ளு. அந்தப் பொண்ணு தரையில எறங்கி நிக்கிற ஷாட்டை முதல்ல வை. பாதம் பதியிற எடத்துல நீ பண்ணிருக்கிற வேலை லேசுல யாருக்கும் வராது."

"அண்ணா, அதுல நான் என்ன பண்ணேன்னே தெரியாதே. ஆள் எடுக்கிறவங்க பத்து விநாடிதான் பார்ப்பாங்க."

வெடிப்பையே முதலில் வைத்து அனுப்பினான். வேலையும் கிடைத்துவிட்டது. அங்கே போனதிலிருந்து அவனுக்கு வருவதெல்லாம் முக நெருக்க ஷாட்டுகளாம். சண்டைக் காட்சி ஒன்றுகூடக் கையில் தரவில்லை என்று போனில் ஒரே புலம்பல்.