ஒரே தொண்டை, இரண்டு பேர்: ஒலி நாடகம் இதுவரை

பன்னிரண்டு நிமிட அறிவியல் புனைவு ஒலி நாடகம். ஓர் உடம்பில் இரண்டு பேர். இருவருக்கும் ஒரே தொண்டை, அதுவும் என்னுடையது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. ஏழு நிமிடம் தேறியிருக்கிறது.

கதை பிறந்தது ரோஜர் ஸ்பெர்ரியின் ஆய்விலிருந்து. 1960களில் கலிபோர்னியாவில், கடும் வலிப்பு வந்த சிலருக்கு மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பட்டையை வெட்டிவிட்டார்கள். அவர்களை ஸ்பெர்ரியும் அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகாவும் சோதித்தார்கள். பார்வையின் இடப்பக்கத்தில் மட்டும் ஒரு படம் மின்னி மறைந்தால் அது வலப் பாதி மூளைக்குத்தான் போகும். பேச்சோ பெரும்பாலும் இடப் பாதியின் வசம். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் வாய் ஒன்றுமில்லை என்று சொல்லும். வலப் பாதி ஆட்டுவிக்கும் இடது கையோ திரைக்குப் பின்னால் துழாவி அதே பொருளை எடுத்துவிடும். 1981இல் ஸ்பெர்ரிக்கு நோபல் கிடைத்தது. எனக்கு அந்தக் கைதான் கிடைத்தது.

என் கதையில் குமரனின் வலப் பாதிக்குள், இறந்துபோன விண்கலப் பொறியாளர் சிவகாமியின் நினைவை ஏற்றிவிடுகிறார்கள். முதல் மூன்று நிமிடம் அவருக்குப் பேச்சு இல்லை, தட்டல் மட்டும்தான். எவர்சில்வர் டம்ளரில் வலது கையால் தட்டினேன். தாளம் சுத்தமாக விழுந்தது, உயிரே இல்லை. நிஜமாகவே இடது கையால் தட்டியதும் தடுமாறித் தடுமாறி வந்தது. அதுதான் சிவகாமி.

குரல்தான் படுத்தியது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சுருதியை ஏற்றினேன், கார்ட்டூன் எலி பேசியது. அப்புறம் குமரனை இடது காதுக்கும் சிவகாமியை வலது காதுக்கும் அனுப்பினேன். ஹெட்போனில் பிரமாதம்! சித்தி அதை போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, "ஒருத்தர்தானே தனியா புலம்புறார்?" என்றார். இரண்டு வாரம் வீண்.

சரி என்று தூரத்தை மாற்றினேன். சிவகாமி மைக்கிலிருந்து நாலு விரல் தள்ளி, குமரன் ஒரு முழம் தள்ளி. ஒரு பக்கம் மட்டும் கேட்கும் மைக்குக்கு வாயை நெருக்கினால் அடிக்குரல் கனத்துவிடும். சிவகாமி காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவது போல ஆனது. குமரன் பேசும்போது அறை எதிரொலித்தது, பின்னால் போர்வை கட்டினேன்.

ஆனால் ஆளைப் பிரித்துக் காட்டியது மைக் இல்லை. அவர் இவனைத் 'தம்பி' என்கிறார், இவன் தன் கையையே 'மேடம், கொஞ்சம் சும்மா இருங்க' என்று கெஞ்சுகிறான். அந்த ஒரு வரியில் சித்திக்குப் புரிந்துவிட்டது.

ஐந்தாம் நிமிடத்தில் டாக்டர், "எப்படி இருக்கீங்க?" என்கிறார். குமரன், "நாங்க நல்லா இருக்கோம்" என்று உளறிவிடுகிறான். அடுத்த காட்சியில் சிவகாமி முதல்முறையாக அவனிடம் "நாம" என்கிறார். இந்த இரண்டு சொல்லுக்கும் பின்னணி இசை போட்டிருந்தேன், எடுத்துவிட்டேன்.

இப்போது நிற்பது சண்டைக் காட்சியில். ஒரே தொண்டை என்பதால் இரண்டு குரலை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றக்கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். ஒருவர் சொல்லைப் பாதியில் மற்றவர் பிடுங்க வேண்டும், அதே மூச்சில், வெட்டாமல் ஒட்டாமல். ஒன்பதாவது முறை சரியாக வந்தது. கடைசி வரியில் பக்கத்து வீட்டு மிக்ஸி. வரும் ஞாயிறு விடிகாலை நாலரைக்கு, சட்னிக்கு முன்னால், மறுபடி பார்க்கிறேன்.