ஒரே ரெப்போ, பல சேவைகள்
ஒரு மென்பொருளைச் சிறு சிறு சேவைகளாகப் பிரித்த மைக்ரோசர்வீஸ்களைத் தனித்தனி ரெப்போக்களில் (நிரல் சேமிப்பிடங்களில்) வைத்தால்தான் அவை சுதந்திரமாக இயங்கும் என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் ஒரு சேவை தனித்து டிப்ளாய் ஆவதற்கும் (பயன்பாட்டுக்கு வெளியிடப்படுவதற்கும்), நிரல் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 2015 ஜனவரியில் கூகுளின் ஒரே ரெப்போவில் ஏறத்தாழ 200 கோடி வரிகள் இருந்தன.

ஒரே ரெப்போவில் இருந்தால், ஆர்டர் சேவையும் பேமென்ட் சேவையும் பகிரும் புரோட்டோ கோப்பில் (பரிமாறும் தரவின் வடிவத்தை வரையறுக்கும் கோப்பில்) ஒரு ஃபீல்டைச் சேர்க்கும்போது, இரு பக்க மாற்றங்களையும் ஒரே கமிட்டில் (ரெப்போவில் ஒன்றாகப் பதியும் மாற்றத்தில்) முடித்து, ஒரே ரிவ்யூவில் பார்த்துவிடலாம். இருப்பினும், இரண்டு சேவைகளும் ஒரே நொடியில் நேரடிப் பயன்பாட்டுக்கு, அதாவது புரொடக்‌ஷனுக்குப் போவதில்லை என்பதால், பழைய வடிவத்தையும் சில காலம் ஏற்கும்படிதான் எழுத வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மாறிய பகுதியை மட்டும் கண்டறியும் பேஸல் போன்ற கருவி இல்லையென்றால், ரீட்மீ என்ற விளக்கக் கோப்பைத் திருத்தினாலும் எல்லாச் சேவைகளுக்கும் பில்ட் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் வேலை) ஓடும். நிதானமாக டீ குடித்துவிட்டு வரலாம். எந்த ஃபோல்டர் எந்தக் குழுவுக்கு உரியது என்பதையும் கோட்ஓனர்ஸ் கோப்பில் முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.